புலிக்காட்டுக்குப் போன மண்குதிரை

வேனில் முதலில் ஏறியது குதிரைதான். ஜன்னலோரச் சீட்டில் பழைய போர்வையை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் வைக்கோல் பரப்பி, எங்கள் அத்தான் அதை இரண்டு கைகளாலும் தூக்கி நிறுத்தினார். முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கும் சுடுமண் குதிரை. சூளையிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பக்கத்தில் போனால் சுட்ட மண்ணின் வாசனை வந்தது. டிரைவர் செந்தில் பெல்ட்டை இழுத்து அதன் வயிற்றைச் சுற்றி மாட்டினார்.

"என் வண்டியில சொல்லாமயே சீட் பெல்ட் போட்ட மொத ஆளு இவருதாண்ணே" என்றார்.

அத்தான் என்று நான் சொல்வது என் கணவரின் அண்ணன் முத்தையாவை. என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார், லீவு கிடைக்கவில்லை. வல்லத்திராக்கோட்டையில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அத்தானின் மனைவி ராஜாத்தி எனக்கு ஓரகத்தி முறை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். இந்தப் பயணமே அக்காவுக்காகத்தான். அக்கா மட்டும் வரவில்லை.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் புதுக்கோட்டைக்கு டயாலிசிஸ் போய் வருகிறார். வெளியூரில் தங்கக் கூடாது. குடிக்கிற தண்ணீருக்குக்கூட அளவு உண்டு. பச்சை மூடி போட்ட ஒரு பாட்டிலில் கோடு கிழித்து வைத்திருக்கிறேன். காலையில் அந்தக் கோடு வரைக்கும் நிரப்பிக் கொடுப்பேன். அன்று முழுவதற்கும் அவ்வளவுதான். மடியிலேயே வைத்துக்கொண்டு, நாக்கு நனைகிற அளவுக்குக் குடிப்பார். இன்னொரு வாய் என்று கேட்டதில்லை. டி.வி.யில் அருவியைக் காட்டினால் மட்டும் சேனலை மாற்றச் சொல்வார்.

எங்கள் குலதெய்வமான அய்யனார் இருப்பது மேற்கு மலையடிவாரத்தில், காட்டுக்குள். அந்தக் காடு இப்போது புலிகள் காப்பகம். எங்கள் வகையறா அங்கிருந்து எப்போது கிழக்கே வந்தது, ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியாது. தை மாதம் ஒருமுறை போய்க் கும்பிட்டு வருவது மட்டும் விடாமல் நடக்கிறது. போன தையில் அக்காவால் போக முடியவில்லை. இந்தத் தையிலும் முடியாது என்று தெரிந்ததும் ஒருநாள் அத்தானிடம் கேட்டார்.

"என்னால அங்கிட்டுப் போக முடியாது. அவரு இங்கிட்டு வரலாம்ல?"

எங்கள் பக்கம் அதற்கு வழி இருக்கிறது. பழைய கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துவந்து புது இடத்தில் போட்டு, அதன்மேல் பீடம் கட்டினால், சாமி அங்கே வந்துவிட்டார் என்று அர்த்தம். பிடிமண் என்போம். வீட்டுக்குப் பின்னால் கடலைக் கொல்லையின் மூலையில் ஒரு பாலை மரம் நிற்கிறது. அத்தான் அதன் அடியைச் செதுக்கிச் சுத்தம் செய்தார். சாமியிடம் வெறுங்கையோடு போய் மண் கேட்கக் கூடாது என்று, அக்கா ஒரு குதிரை நேர்ந்துகொண்டார். குதிரை செய்ய எங்கள் கொல்லை மண்ணில் ஒரு பிடி எடுத்து, களிமண்ணோடு சேர்த்துப் பிசையச் சொல்லி, குதிரை செய்யும் குயவரான வேளாரிடம் கொடுத்தோம். நம் மண் குதிரையாக அங்கே போகும், அங்கத்து மண் சாமியாக இங்கே வரும். பங்காளிகள் எல்லோருக்கும் இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. காட்டுக்குள் போக அனுமதி வாங்கியிருந்தோம். குதிரையை வைப்பதற்கும் மண்ணை எடுப்பதற்கும் தனியாகக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து வேன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் குதிரையின் முகத்தைத் தடவினார்.

"புலியப் பாத்துப் பயந்துராத" என்று அதனிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "மண்ணோட வா, மீனா."

காட்டுக்குள் பிளாஸ்டிக் கூடாது என்பதால் புளிச்சாதத்தை எவர்சில்வர் தூக்குகளில் அடைத்திருந்தேன். தொட்டுக்கொள்ளக் கடலைத் துவையலும் வாழைக்காய் வறுவலும். பங்காளி நாகராஜ் திருமயம் தாண்டுவதற்குள்ளேயே ஒரு தூக்கைத் திறந்துவிட்டான். ஆலங்குடியில் செல்போன் கடை வைத்திருப்பவன். என் கணவருக்குச் சித்தப்பா மகன். "இவரு சாப்புடுறதப் பாத்தா புலிதான் பயப்படணும்" என்று அவன் மனைவி கவிதா குதிரைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

மதுரை தாண்டி ஒரு பொட்டல்வெளியில் டயர் பஞ்சர் ஆனது. ஜாக்கி போட எல்லோரும் இறங்கினோம். வண்டி சாய்ந்தால் குதிரை விழுந்துவிடுமே என்று அதையும் இறக்கி, சாலையோரப் புளியமரத்தடியில் வைத்தோம்.

செந்தில் ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வருவதற்குள், மொபெட்டில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார். "எந்த ஊருச் சாமி?" என்று கேட்டார். புதுக்கோட்டை என்றதும், அதற்கென்று தனியாக ஒருமுறை கும்பிட்டார். ஆடு ஓட்டிவந்த ஒரு பெண் தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளிக் குதிரையின் கழுத்தில் போட்டாள். வேகத்தைக் குறைத்த ஒரு டவுன் பஸ்ஸிலிருந்து சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பாத்தீங்களாண்ணே" என்றார் செந்தில், கையில் கிரீஸோடு. "இவர எங்க எறக்கி வச்சாலும் அது கோயிலாயிருது. கொஞ்ச நேரம் விட்டா உண்டியல் வச்சுருவாங்க."

எல்லோரும் சிரித்தோம். அத்தான் மட்டும் சிரிக்காமல் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்து ஊரில் அன்று தங்கினோம். சாயங்காலம் டீ குடிக்கப் போன இடத்தில் ஏத்தங்காய் சிப்ஸை எண்ணெயிலிருந்து சுடச்சுட அரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் டீயை விட இங்கே சர்க்கரை குறைவு, ஏலக்காய் அதிகம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கண்டுகொண்டார்.

"கோயிலுக்காம்மா? பாத்துப் போயிட்டு வாங்க. சத்தம் கித்தம் போடாதிய. இந்த வருசம் அவ பிள்ள பெத்துருக்கா."

"யாருங்க?" என்றாள் கவிதா.

"புலிதாம்மா. ரெண்டு குட்டி."

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்த செய்தியைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். இரை கிடைக்கிறதா, தண்ணீருக்கு எந்தப் பக்கம் வருகிறாள் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் மயில் வந்து கடலையைக் கிண்டிப்போட்ட கதைதான் பேசுவோம். அதில் பாசம் இருக்காது.

சனிக்கிழமை காலை சோதனைச் சாவடியில் எங்களை இறக்கித் தலை எண்ணினார்கள். டிரைவரோடு பன்னிரண்டு பேர். வனக்காப்பாளர் ஒரு பெண், பெயர் செல்வி. முப்பது வயது இருக்கும். பைகளைப் பிரித்துப் பார்த்தார். நாகராஜின் சட்டைப்பையிலிருந்து இரண்டு பாக்குப் பொட்டலம், கவிதாவின் பையிலிருந்து ஷாம்பு சாஷே, என்னிடமிருந்து கற்பூர டப்பா. ஒழுங்காகக் கட்டியிருந்தேன் என்ற பெருமை எனக்கு அங்கேயே போயிற்று. கற்பூரத்தை வெற்றிலையில் மடித்துக் கொடுத்து, டப்பாவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"மேளம் கூடாது. குலவை கூடாது. அடுப்பு கூடாது. எதுவுமே காட்டுல விட்டுட்டு வரக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சீட் பெல்ட் போட்டிருந்த குதிரையைப் பார்த்ததும் நின்றார். "இது யாரு அண்ணாச்சி?"

"நேர்த்திக்கடன்ம்மா. அங்க வைக்கணும்."

"புதுசா எதும் உள்ள வைக்கக் கூடாதே. முன்ன ஒவ்வொரு குடும்பமா வச்சு வச்சு, ஒடஞ்ச சில்லு வழியெல்லாம் கெடக்கு. மான் கால்ல கிழிக்கி."

அத்தான் குதிரையின் முதுகில் கை வைத்தார். செல்வி குதிரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொண்டு போயி சாமிகிட்டக் காட்டுங்க. ஆனா திரும்பக் கொண்டாந்துரணும்."

செல்வியும் எங்களோடு வேனில் ஏறிக்கொண்டார். வண்டி போகும் வழி முடிந்த இடத்திலிருந்து நடந்தோம். அத்தான் குதிரையைக் குழந்தையைப்போல் இடுப்பில் இருத்திக்கொண்டார்.

எங்கள் மாவட்டத்தில் காடு என்றால் பெரும்பாலும் தைல மரங்கள். வரிசையாக நிற்கும். கீழே புல் முளைக்காது. குருவி உட்கார்ந்தும் நான் அதிகம் பார்த்ததில்லை. இங்கே ஒரு மரத்தின் மேல் இன்னொரு மரம் ஏறியிருக்கிறது, அதன்மேல் கொடி, கொடியின்மேல் பாசி. வாலைத் தொங்கவிட்ட செந்நிற அணில் ஒன்று, பூனையைவிடப் பெரியது, எங்களைப் பார்த்துத் திட்டிக்கொண்டே கூட வந்தது. "நம்ம ஊரு அணிலு இதுக்குச் சொந்தம்னு சொன்னா ஒத்துக்குமா?" என்று கிசுகிசுத்தாள் கவிதா. சத்தம் போடக் கூடாது என்று செல்வி சொன்னதால் எல்லோருமே ரகசியம் பேசுகிறவர்களைப்போல் நடந்தோம்.

ஓடையை நெருங்கியதும் செல்வி கையைக் காட்டி நிறுத்தினார். ஈர மணலில் ஒரு தடம். என் உள்ளங்கையை விரித்து வைத்தால் அதற்குள் அடங்கிவிடும். பக்கத்தில் சின்னதாக இன்னொன்று, ஓரிடத்தில் பெரிய தடத்தின் மேலேயே மிதித்திருந்தது.

"காலையில வந்துருக்கா" என்றார் செல்வி. "அந்தப் பாறைக்கு அங்கிட்டுதான் குட்டிய வச்சிருக்கா. இந்த எடத்துலதான் தண்ணிக்கு எறங்குவா."

அத்தான் குனிந்து பார்த்தார். "சின்னது அம்மா பொறத்தாலயே ஓடியாந்துருக்கு" என்று மட்டும் சொன்னார். தடத்தைச் சுற்றி ஒதுங்கி, ஒருவர் பின் ஒருவராகப் போனோம்.

கோயில் என்று கட்டடம் இல்லை. ஓடைக்கரையில் பெரிய மருத மரம், அதன் அடியில் மூன்று கல், ஒரு வேல். குதிரையைச் சாமிக்கு எதிரே ஈரக் கரையில் இறக்கி வைத்தார் அத்தான். தங்கிய இடத்தில் காலையில் செய்து கொண்டுவந்த பொங்கலை இலையில் வைத்தோம். கற்பூரம் காட்டும்போது வழக்கமாகக் கவிதா போடும் குலவை ஒரு ஃபர்லாங் கேட்கும். இப்போது வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர். மேளமும் குலவையும் இல்லாமல், ஓடைச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு கும்பிட்டது எனக்கு இதுதான் முதல் தடவை. யாருக்கோ தூக்கம் கலைந்துவிடக் கூடாது என்பதுபோல் கும்பிட்டோம். நான் அக்காவைத் தவிர வேறு எதையும் வேண்டவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு அத்தான் செல்வியிடம் கேட்டார். "ஒரு பிடி மண்ணு எடுத்துக்கிறவாம்மா?"

செல்வியின் முகம் மாறியது. "மண்ணா? எடுக்கக் கூடாது அண்ணாச்சி. இங்க வாங்க."

மரத்தின் பின்பக்கம் கூட்டிப் போனார். நானும் போனேன். கரையில் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு குழி. மருத மரத்தின் வேர்கள் மண் இல்லாமல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. மரம் ஓடைப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது.

"எல்லாரும் ஒரு பிடிதாம் எடுத்தாவ" என்றார் செல்வி. "எத்தன ஊர்லேருந்து வாறாவ. இந்த மழைக்கு மரம் தப்பிச்சுட்டு. அடுத்த வெள்ளத்துக்கு நிக்குமான்னு தெரியல. இது விழுந்தா கரையும் போவும், ஒங்க சாமி கல்லும் போவும், அவ எறங்குற தடமும் போவும்."

அத்தான் ஒரு வேரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அக்காவைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரி, பாட்டில், பாலை மரம், எல்லாவற்றையும் சொன்னார். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. செல்வி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எனக்கும் மனசு கேக்கல அண்ணாச்சி. ஒங்களுக்குக் குடுத்தா, பொறத்தால வாற வண்டிக்கு நான் என்ன சொல்லுவேன்?"

அவர் தள்ளிப் போனதும் நாகராஜ் அத்தான் பக்கம் வந்தான். "அண்ணே, தூக்குச்சட்டி அடியில போட்டு மேல சோத்த வச்சு மூடிட்டா யாருக்குத் தெரியும்? அண்ணிக்காகத்தானே?"

"திருடிட்டுப் போற மண்ணுல சாமி வருமாடா?"

"மண்ணே வரலேன்னா எப்படிண்ணே வரும்? வெறுங்கையோட போயி அண்ணி மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?"

எனக்கும் அதே பயம்தான். போனில் அக்காவைக் கேட்கலாம் என்றால் அங்கே சிக்னல் கிடையாது. மேலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கிளம்ப வேண்டும் என்று செல்வி தூரத்திலிருந்து கைகாட்டினார்.

குதிரையைத் தூக்குவதற்காக அத்தான் குனிந்தார். தூக்கவில்லை. அப்படியே மண்டியிட்டு, அதன் முதுகில் இருந்த தூசியைத் துண்டால் துடைத்தார். பிறகு கல்லைப் பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசினார்.

"மண்ணு குடுக்க மாட்டேங்கிறாங்க. அவங்க சொல்றது நாயந்தான். குதிரையையும் இங்க வைக்கக் கூடாதாம். அதுவும் சரிதான். அதான் வெறும் முதுகோட நிக்கிது. எங்க மண்ணுல செஞ்ச குதிரை. ஏறிக்கங்க. ராஜாத்தி காத்துக்கிட்டு இருக்கா."

மரத்திலிருந்து ஒரு இலை விழுந்தது. காட்டில் இலை விழுவது பெரிய விஷயம் இல்லை. அத்தான் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வயதான ஒருவர் பஸ் ஏறி உட்காரும்வரை பொறுத்திருப்போமே, அந்த அளவுக்கு. பிறகு குதிரையைத் தூக்கினார். இந்த முறை இடுப்பில் வைக்கவில்லை, முதுகுப் பக்கம் மேலே தெரியும்படி இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டார். ஈரக் கரையில் நின்றதால் நான்கு குளம்பிலும் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. அவர் வேட்டியெல்லாம் சேறானது.

சாவடியில் மறுபடி தலை எண்ணினார்கள். அங்கிருந்த இன்னொரு காவலர் கேட்டார். "போனவிய எல்லாரும் வந்துட்டியளா?"

"ஒரு ஆளு கூடுதலாவே வந்துருக்கோம்" என்றார் அத்தான்.

காவலர் திடுக்கிட்டு வேனுக்குள் எட்டிப் பார்த்தார். செல்விதான் முதலில் புரிந்துகொண்டார். குதிரையைப் பார்த்தார். மேலே, அதன் முதுகுக்கு மேல் இருந்த வெற்றிடத்தையும் பார்த்தார்.

"அவருக்கு பாஸ் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தானே போய்த் தடுப்புக் கட்டையைத் தூக்கினார்.

சாவடி கண்ணுக்கு மறைந்ததும் கவிதா அதுவரை அடக்கி வைத்திருந்த குலவையை வேனுக்குள்ளேயே போட்டாள். செந்தில் பதறி பிரேக்கை மிதித்தார். "யக்கா, சொல்லிட்டுப் போடுங்கக்கா! புலிதான் ஏறிருச்சுன்னு நெனச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை திரும்பினோம். குதிரைக்குப் பக்கத்துச் சீட்டில் யாரும் உட்காரவில்லை. யாரும் சொல்லித் தீர்மானித்ததல்ல. டீ குடிக்க இறங்கிய இடத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் வண்டியில் இருந்தோம். வேகத்தடை வரும்போதெல்லாம் செந்தில் வண்டியை நிறுத்தி, மெதுவாக ஏற்றி இறக்கினார். சிக்னல் வந்த பிறகும் அத்தான் வீட்டுக்குப் போன் போடவில்லை.

"சொல்லிட்டா அக்கா தயாரா இருப்பாங்கல்ல?" என்று கேட்டேன்.

"போன்ல சொல்ற விஷயமாம்மா இது?" என்றார்.

திருமயம் கோட்டை தெரிந்தது. பிறகு தைல மரங்கள், பிறகு எங்கள் செம்மண். பிற்பகலில் வீட்டு வாசலில் வேன் நின்றபோது அக்கா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைசீவிப் பூ வைத்திருந்தார். மடியில் பாட்டில்.

நாங்கள் ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்த்தார். எங்கள் கைகளையும் பார்த்தார்.

"மண்ணு எங்க?"

அத்தான் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மரத்தைச் சொன்னார், தொங்கும் வேரைச் சொன்னார், பாறைக்குப் பின்னால் இருக்கும் குட்டிகளைச் சொன்னார்.

"அப்ப அவரு வரலையா?"

"வந்துருக்காரு. குதிரையில."

நாகராஜ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா வேன் ஜன்னலைப் பார்த்தார். குதிரை பெல்ட் போட்டபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தில் ஆடு மேய்த்தவள் போட்ட பூ, வாடிப்போய்.

"இம்புட்டுத் தூரம் சொமந்து வந்துருக்கு" என்றார் அக்கா. "யாராச்சும் அதுக்குத் தண்ணி காட்டுனீங்களா?"

யாரும் காட்டவில்லை.

"நல்ல ஆளுக போங்க."

என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கொல்லை மூலை வரைக்கும் நடந்தார். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். தூக்கிப் போகவா என்று கேட்ட நாகராஜைப் பார்வையாலேயே தள்ளி நிறுத்தினார். அத்தான் குதிரையைக் கொண்டுவந்து பாலை மரத்தடியில், செதுக்கி வைத்த செம்மண்ணில் நிறுத்தினார்.

அக்கா பாட்டிலின் பச்சை மூடியைத் திருகினார். பாதிக்கும் கீழேதான் இருந்தது. அன்றைய பொழுதுக்கு இனி அதுதான்.

"அக்கா, இருங்க, நான் சொம்புல கொண்டாரேன்."

"நீ சும்மா இரு, மீனா."

குதிரையின் வாயருகே பாட்டிலைச் சாய்த்து, நிதானமாக, முழுவதையும் ஊற்றினார். தண்ணீர் அதன் வாயிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து மார்புக்கும், கால்களுக்கும் இறங்கியது. குளம்பில் காய்ந்திருந்த ஓடைக்கரையின் கறுப்புச் சேறு கரைந்து, எங்கள் சிவப்பு மண்ணில் ஒரு கோடாக ஓடி, ஒரு சாண் தூரம் போய் உள்ளே இறங்கிவிட்டது.

அக்கா பாட்டிலை ஒருமுறை உதறிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நாளைக்குக் காலையில ரொப்பிக் குடு" என்றார்.